நெட்டையனின் படுக்கைப் பை

கனத்த படுக்கைப் பை கேட்டு ஜிப்பக்காவின் கடைக்குள் போகிறவன் லேசான பையோடுதான் வெளியே வருவான் என்று எதிர்க்கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். பாதி கேலி, பாதி வியாபாரம். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை.

மேலே போக வழியில்லாமல் பேருந்து திரும்பிவிடுகிற மலையடி ஊர் அது. ஒரே தெரு. தெருவின் இரண்டு பக்கமும் மலை ஏற வருகிறவர்களுக்கு வாடகைக்குச் சாமான் கொடுக்கும் கடைகள். பூட்ஸ், ஊன்றுகோல், மழைச்சட்டை, கூடாரம், எல்லாவற்றுக்கும் மேலாகப் படுக்கைப் பை. உள்ளே நுழைந்து கழுத்துவரை ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிற பை. லேசானது சுருட்டினால் ஒரு தலையணை அளவு. கனத்தது உள்ளே இறகு அடைத்தது. கொக்கியில் மாட்டினால் ஆள் ஒருவர் தொங்குகிற மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும்.

எந்தப் பை வேண்டும் என்பது எந்த வழியில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேலே இருக்கும் கணவாய்க்கு இரண்டு வழிகள். பெரிய வழியில் சாரை சாரையாக ஆட்கள் போவார்கள். தங்கும் இடமெல்லாம் விடுதி, கம்பளி, வெந்நீர், போனுக்கு சிக்னல். லேசான பை போதும். ஆனால் விடுதிக்கு விடுதி ஏணி வைத்த மாதிரி ஏற்றம். உடம்பு காற்றுக்குப் பழகுவதற்குள் அடுத்த உயரம் வந்துவிடும். சின்ன வழி ஆற்றின் பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றி, சோம்பேறி மாதிரி மெதுவாக ஏறும். ஆளரவம் குறைவு. ராத்திரி தங்கக் கதவில்லாத கொட்டகைகள்தான். கனத்த பை இல்லாமல் அங்கே யாரும் கண்ணை மூட முடியாது.

ஜிப்பக்காவுக்கு அந்தப் பெயர் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. அதற்கு முன்னால் நகரத்தில் பயணப்பை தைக்கும் தொழிற்சாலையில், ஜிப் வைக்கும் மேசையில் வேலை பார்த்தாள். கல்யாணமாகி இந்தக் கடைக்கு வந்த புதிதில் மூலையில் ஒரு குவியல் கிடந்ததைப் பார்த்தாள். எல்லாம் ஜிப் போனதால் ஒதுக்கியவை. கடைக்காரரான கணவரிடம் ஒரு மெழுகுவர்த்தியும் சின்னக் குறடும் கேட்டாள். அந்தக் குவியல் காணாமல் போனபோது அவள் பெயரும் மாறியிருந்தது. ஊரில் பள்ளிக்கூடப் பை, கைப்பை, கூடாரக் கதவு எது மாட்டிக்கொண்டாலும் அவளிடம்தான் வரும். ஒருமுறை பேருந்து ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு, துண்டை முன்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். பயணிகள் மொத்தமும் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்க, அவரைத் திரைக்குப் பின்னால் நிற்கவைத்து பேன்ட்டை மட்டும் வாங்கிச் சரிசெய்து அனுப்பினாள். ஜிப் என்பது மனுசன் வாய் மாதிரி, ஒரு பல் சாய்ந்தாலும் மொத்தமும் அடம்பிடிக்கும் என்பாள்.

அவர்களுக்கு ஒரே மகன். வளர்ந்தான், வளர்ந்துகொண்டே இருந்தான். கூட்டாளிகள் நெட்டையன் என்றார்கள். பிறகு வீட்டிலும் அதுவே நின்றுவிட்டது. கடைக்கும் பின்கட்டுக்கும் நடுவே இருக்கிற நிலை தாழ்வானது. அவன் அதில் இடித்துக்கொள்ளாத நாள் இல்லை. அவன் எழுந்து அந்தப் பக்கம் நகர்ந்தாலே, கையில் இருக்கிற வேலையிலிருந்து கண்ணெடுக்காமல், "தல, பாத்து" என்பாள். அவன் இடித்துக்கொண்ட பிறகு, "பாத்துட்டேன்" என்பான்.

அவன் வழிகாட்டி வேலைக்குப் போனான். கடையில் இருந்த கனத்த பைகள் எதுவும் அவனுக்குப் பத்தவில்லை. காலை மடக்கினால் முட்டி வலிக்கும். நீட்டினால் கழுத்து வெளியே நிற்கும். ஜிப்பக்கா ஒரு பையின் கால்பக்கத்தைப் பிரித்து, மழைச்சட்டை தைத்து மிஞ்சிய நீலத் துணியில் ஒரு முழம் ஒட்டுப் போட்டாள். கிழிந்த பழைய பையிலிருந்து இறகை எடுத்து அதில் அடைத்தாள். வீடெல்லாம் இறகு. தும்மித் தும்மி மூக்கு சிவந்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "என்ன, கோழி உரிச்சியா?" என்று கேட்டார் கடைக்காரர். நெட்டையன் பைக்குள் நுழைந்து தரையில் நீட்டிப் படுத்து, கால்விரல்களை நீலத்துக்குள் ஆட்டிக் காட்டினான். அந்தப் பை அதன்பிறகு கடைப் பையாகவும் இருந்தது, அவன் பையாகவும் இருந்தது. அவன் மலையில் இருந்தால் அவனோடு இருக்கும். கீழே இருந்தால் கடைசிக் கொக்கியில் தொங்கும்.

அவன் இறந்தது பெரிய வழியில்.

மார்ச்சளியோடு ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டு, சளி ஆறுவதற்குள் இன்னொரு கூட்டத்தோடு ஏறியிருக்கிறான். மேல் விடுதியில் அறைகளைக் கூட்டத்தாருக்குக் கொடுத்துவிட்டு, கூடத்தில் படுத்திருக்கிறான். கூடம் நிறைய ஆட்கள். விடியலில் எல்லோரும் சூரியனைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறார்கள். அவனைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். அவன் எழுந்திருக்காததைப் பலரும் கவனித்திருக்கிறார்கள். பாவம், நமக்காக அலைந்தவன், தூங்கட்டும் என்று காலடிச் சத்தம்கூடக் கேட்காமல் நடந்திருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வந்து தொட்டபோது தாமதமாகிவிட்டது. காற்று குறைந்த இடத்தில் மூளையில் நீர் கோத்துக்கொண்டது என்று கீழே மருத்துவமனையில் சொன்னார்கள். நேரத்தோடு எழுப்பிக் கீழே இறக்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்பதையும் சொன்னார்கள். அதை அவர்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

யாரையும் குறை சொல்ல வழியில்லை என்பதுதான் ஜிப்பக்காவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஒருவன் கெடுதல் செய்திருந்தால் அவனைத் திட்டியாவது ஓய்ந்திருப்பாள். எல்லோரும் அவன்மேல் இரக்கப்பட்டார்கள். மலையிலிருந்து மருத்துவமனைக்கு, மருத்துவமனையிலிருந்து கடைசி இடத்துக்கு அவனை யார் யாரோ தூக்கினார்கள். நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம் என்று தாயையும் தகப்பனையும் இரண்டு நாற்காலிகளில் உட்காரவைத்துவிட்டார்கள். இரண்டு பேரும் சொன்னபடி உட்கார்ந்திருந்தார்கள்.

அவன் சாமான்களோடு படுக்கைப் பையும் வந்தது. கடையைத் திரும்பத் திறந்த அன்று அவளே அதைக் கொண்டுபோய்க் கடைசிக் கொக்கியில் மாட்டினாள். வீட்டில் வைத்தால் அது இறந்தவனின் பொருளாகிவிடும். பெட்டிக்குள் போகும், பிறகு அதைத் திறக்க ஒரு காரணம் வேண்டியிருக்கும். கடையில் மற்றப் பைகளோடு தொங்கினால், அவன் எங்கேயோ பக்கத்தில் போயிருக்கிற மாதிரிதான் இருந்தது. வாடகைக்குப் போய்வந்த பையைத் துவைக்காமல் மாட்டக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். துவைச்சாச்சா என்று கேட்டார் கடைக்காரர். ஆச்சு என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் சொன்ன பொய்கள் மிகக் குறைவு. இது ஒன்று.

கடையில் ஆள் இல்லாத நேரத்தில், எதையோ எடுக்கிற பாவனையில் போய், கால் மேலாகத் தொங்குகிற பையின் கழுத்துப்பக்கம் முகத்தை வைத்துக்கொள்வாள். தலையெண்ணெய், அடுப்புப் புகை, வியர்வை, எந்நேரமும் கடைவாயில் அடக்கி வைத்திருப்பானே, அந்தக் கிராம்பு. ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தது. அதனால் அடிக்கடி போகமாட்டாள். முகர்ந்தால் தீர்ந்துவிடுமோ என்று பயம்.

கனத்த பைகள் கடையில் கொஞ்சம்தான். பருவம் சூடுபிடித்தால் ஒவ்வொன்றாக வெளியே போகும். எல்லாம் போய், கடைக்காரர் எதிர்க்கடையில் இரவல் கேட்டும் கிடைக்காவிட்டால் கைகள் கடைசிக் கொக்கிக்குத்தான் வரும். அதனால் சின்ன வழி என்று வாய் திறந்தவர்களையெல்லாம் அவள் பெரிய வழிக்குத் திருப்ப ஆரம்பித்தாள். அங்கே வெந்நீர் கிடைக்கும், துணைக்கு ஆட்கள் இருப்பார்கள், வயசான காலத்தில் உங்க அம்மாவுக்குக் கவலை வைக்காதீங்க என்று ஆளுக்கேற்றபடி பேசுவாள். கடைக்காரரோ நேரெதிர். மகன் போனபிறகு அவர் யாருக்கும் பெரிய வழியைச் சொல்வதில்லை. மெதுவா ஏறுங்க, சின்ன வழிதான் உடம்புக்கு நல்லது என்பார். ஒரே கடையில் புருசன் ஒரு வழி, பெண்டாட்டி ஒரு வழி. வந்தவர்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அவள் பேச்சுதான் எடுபடும்.

மகனை விழுங்கின வழிக்கே ஊரை அனுப்புகிறாளே, இவள் மனசு என்ன கல்லா என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. ஒருவரை அப்படி அனுப்பிவிட்ட நாளில், அவர்கள் பத்திரமாகக் கீழே வந்து சாமானைத் திருப்பிக் கொடுக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. வந்தவுடன் அடுத்தவரை அனுப்புவாள்.

ஒரு பருவத்தின் கடைசியில் ஓர் அக்காவும் தம்பியும் வந்தார்கள். அக்கா நல்ல உயரம். உள்ளே வரும்போதே மேலே தொங்கிய ஊன்றுகோல்கள் தலையில் தட்டின. ரயில்நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகம் முகமாக வந்துகொண்டே இருக்குமாம். கொஞ்ச நாளாவது முகமே இல்லாத பாதையில் நடக்க வேண்டும், சின்ன வழிதான் என்று முடிவோடு வந்திருந்தாள். தம்பி பாதி உயரம், இரண்டு மடங்கு பேச்சு.

"சின்ன வழியில சிக்னலே இல்லையாம்க்கா. நான் உயிரோட இருக்கேன்னு ஆபீசுக்கு எப்படிச் சொல்றது?"

"நீ ஆபீசுல உக்காந்திருக்கும்போதே அவங்களுக்கு அந்தச் சந்தேகம் உண்டு."

கடைக்காரர் சிரித்தார். சின்ன வழியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்: எந்தக் கொட்டகையில் காற்று அடிக்காது, எங்கே ஆற்றைத் தாண்ட வேண்டும் என்று. ஜிப்பக்கா கொக்கிகளைப் பார்த்தாள். கனத்த பை இரண்டே மிச்சம். ஒன்று பழுப்பு. மற்றொன்று கால்பக்கம் நீலம்.

அவள் குறடைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். தம்பியின் பக்கம் நின்று பேசினாள். வெந்நீர், கம்பளி, சிக்னல், எல்லாம் சொன்னாள். பிறகு எப்போதும் கடைசியாகச் சொல்வதையும் சொன்னாள். "ஆளு இருக்கற வழில போறதுதான்மா நல்லது. ஒண்ணுன்னா ஓடி வர நாலு பேர் இருப்பாங்க."

உயரமானவள் தம்பியை ஒருமுறை பார்த்தாள். "நாலு பேர் இல்லம்மா. போன வருசம் கூடம் முழுக்க ஆளுங்க இருந்தாங்க."

போன வருடம் அவர்கள் பெரிய வழியில்தான் போயிருக்கிறார்கள். இரண்டாவது விடுதியிலேயே தம்பிக்குத் தலைவலி. சாயங்காலம் பேச்சுக் குழறியிருக்கிறது. கூடத்து மூலையில் சுருண்டு படுத்துவிட்டான். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். ஒருவர் போர்வை கொடுத்தார், ஒருவர் விளக்கைத் தணித்தார்.

"பாவம், களைச்சுப் போயிருக்கான், தூங்கட்டும்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு என்னமோ பயமா இருந்துச்சு. நான் தூங்க விடல. அறைஞ்சு எழுப்பி, இழுத்துக்கிட்டு இருட்டுலயே கீழ இறங்கிட்டேன்."

"இன்னும் கன்னம் வலிக்குது" என்றான் தம்பி.

யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் கூடாரக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. ஜிப்பக்காவுக்குத் தான் சற்று முன் சொன்ன வார்த்தைகள் கடைக்குள் இன்னும் நின்றுகொண்டிருக்கிற மாதிரி இருந்தது. இந்தப் பையனைத்தான், இவனைப் பெற்றவள் எங்கோ காத்திருக்கிற இவனைத்தான், ஒரு பையைக் காப்பாற்றுவதற்காக அந்தக் கூடத்துக்கு அனுப்பப் பார்த்தாள். இதுவரை அனுப்பியவர்கள் எல்லோரும் திரும்பி வந்தது அவள் புண்ணியமில்லை.

"சின்ன வழியிலயே போங்க" என்றார் கடைக்காரர். பழுப்புப் பையை இறக்கி வைத்தார். இன்னொன்று எதிர்க்கடையில் கேட்டு வாங்கித் தருகிறேன் என்று தெருவைத் தாண்டிப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். அங்கேயும் எல்லாப் பைகளும் மலைக்குப் போயிருந்தன.

தம்பி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அதோ ஒண்ணு தொங்குதே, ஐயா. கால் பக்கம் நீலமா."

"அது ஆகாது தம்பி" என்றார் கடைக்காரர், அந்தப் பக்கம் திரும்பாமலே. "ஜிப்பு போயிடுச்சு."

ஜிப்பக்கா அவரைப் பார்த்தாள். அந்தக் கூரையின் கீழ் அத்தனை வருடங்களில் யாரும் சொல்லியிராத வார்த்தை அது. ஊருக்கே ஜிப் தைத்துக் கொடுக்கிறவளின் கடையில், அவள் காதுபட, ஜிப் போய்விட்டது என்று அவர் சொல்கிறார். காதின் நுனி சிவந்திருந்தது. அவர் பொய் சொன்னால் அங்கேதான் தெரியும். அப்படியானால் அவருக்குத் தெரியும். துவைக்காதது தெரியும், அவள் எதற்கு அந்த மூலைக்குப் போகிறாள் என்பது தெரியும். பருவம் சூடுபிடிக்கும்போதெல்லாம் எதிர்க்கடையில் பை இரவல் கேட்டு அவர் எதற்கு அலைந்தார் என்பதும் இப்போது அவளுக்குப் புரிந்தது.

அவள் நீண்ட கோலை எடுத்து, கடைசிக் கொக்கியிலிருந்து பையை இறக்கினாள். மேசையில் பரப்பினாள். ஜிப்பை இரண்டு விரலால் பிடித்து, கழுத்திலிருந்து கீழேவரை இழுத்தாள். கீழேயிருந்து மேலே கொண்டுவந்தாள். தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது.

"நல்லாத்தான் ஓடுது" என்றாள்.

கடைக்காரர் கயிற்றைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார்.

நீளம் பத்துமா என்று பார்க்க உயரமானவள் பைக்குள் நுழைந்து கடைத்தரையில் நீட்டிப் படுத்தாள். கால் நீலத்துக்குள் போய் நிம்மதியாக நின்றது. "எந்தப் பையும் எனக்கு இதுவரைக்கும் பத்தினதே இல்லம்மா" என்றாள், கீழேயிருந்து, சின்னப் பெண்ணைப் போல. ஜிப்பக்கா குனிந்து ஜிப்பை அவள் கழுத்துவரை ஏற்றினாள். தலைக்கு இழுத்துக் கட்டும் நாடா எங்கே இருக்கிறது என்று காட்டினாள்.

"ஏதோ வாசனை வருதே. கிராம்பா?"

"பூச்சி வராம இருக்கப் போடறது" என்றாள் ஜிப்பக்கா.

அவர்கள் வாசலைத் தாண்டும்போது பின்னாலேயே போய், இரண்டு பேரையும் நிறுத்தினாள். "காலைல ஒருத்தர ஒருத்தர் தொட்டு எழுப்பிக்குங்க. தூங்கட்டும்னு விட்ராதீங்க." அந்தப் பெண் தலையாட்டினாள். எல்லாக் கடைகளிலும் சொல்லி அனுப்புகிற விஷயம் என்று நினைத்திருப்பாள்.

அதன்பிறகு கடைசிக் கொக்கி காலியாக இருந்தது. கொக்கிக்குப் பின்னால் சுவர் வேறு நிறத்தில் இருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். அந்த நாட்களில் வந்தவர்களுக்கு இரண்டு வழியையும் உள்ளபடி சொன்னாள். பெரிய வழி கேட்டவர்களிடம், தலைவலி வந்தால் வீம்பு பிடிக்காமல் இறங்கிவிடச் சொன்னாள். எதிர்க்கடைக்காரருக்குக் கேலி செய்ய ஒன்றும் கிடைக்கவில்லை.

அவர்கள் திரும்பி வந்தார்கள். மூக்குத் தோல் உரிந்து, உதடு வெடித்து, சிரித்துக்கொண்டே. தம்பிக்கு ஒருமுறைகூடத் தலை வலிக்கவில்லையாம். தினமும் காலையில் அக்கா தொட்டு எழுப்புவதற்குப் பதிலாக உதைத்து எழுப்பினாள் என்று புகார் சொன்னான். ஜிப்பக்கா இரண்டு பேரையும் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து அனுப்பினாள். அவர்கள் பேருந்தில் ஏறும்வரை பையைத் தொடவில்லை.

பிறகு பின்கட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்தாள். கழுத்துப்பக்கம் முகத்தை வைத்தாள். வேறு சோப்பின் வாசனை. வேறு தலையின் எண்ணெய். விறகுப்புகை, ஈரமண். கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். நீல ஒட்டுவரை இறங்கித் தேடினாள். அவன் அங்கே இல்லை. வெகுநாளாகவே இல்லாமல் இருந்திருக்கலாம். கடைசி நாட்களில் தான் முகர்ந்தது நினைவைத்தானோ என்று தோன்றியது. அந்தக் கிராம்பு மட்டும் நிஜம். வேற்றாள் ஒருத்தி சொன்னதால் அதுவாவது நிச்சயமாகத் தெரிந்தது.

பெரிய தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, பையை மெல்ல அமுக்கினாள். இறகுப் பையை அடித்துத் துவைக்கக் கூடாது, முறுக்கக் கூடாது. கையால் அழுத்தி அழுத்தித்தான் அழுக்கை எடுக்க வேண்டும். தண்ணீர் சாம்பல் நிறமானது. தொட்டியின் அடைப்பைப் பிடுங்க வேண்டியிருந்தது. அவள் பிடுங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கடைக்காரர் வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தண்ணீரைப் பார்த்தார். மகன் போனபிறகு அவன் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

"குளின்னு சொன்னா மலைக்கு ஓடிருவான்" என்றார்.

அவளுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகு மற்றது வந்தது. அவர் கையை நீட்டி அடைப்பைப் பிடுங்கினார். தண்ணீர் சுழன்று சுழன்று போய்த் தீர்ந்தது.

மேலே மழைக் கருக்கல் கூடிக்கொண்டிருந்தது. முதல் தூறல் தொட்டியின் விளிம்பில் விழுந்தது. நனைந்த இறகுப் பையை ஓர் ஆள் தூக்கக் கூடாது. கனம் ஒரு பக்கம் இழுத்துத் தையல் விட்டுப்போகும். இரண்டு பேர் வேண்டும், அடியில் கைகொடுத்து.

"கால் பக்கம் நீ புடி" என்றார்.

அவள் நீலத்தின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தாள். அவர் தலைப்பக்கம் பிடித்தார். இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். இவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. நடுவில் தொய்ந்து, சொட்டிக்கொண்டு, அது அவர்களுக்கிடையே கிடந்தது. மெதுவாக, காலடி பார்த்து, கடைப்பக்கம் நடந்தார்கள். அவர் பின்பக்கமாக நடந்து நிலையை நெருங்கினார்.

"தல, பாத்து" என்றாள்.

அவர் குனிந்தார். பையின் தலைப்பக்கத்தையும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.